போறணை உச்சி

யாழ்ப்பாணத்தில் பாண் வேகிற அடுப்புக்குப் போறணை என்று பெயர். செங்கல்லால் வளைத்து மூடிய கூரை, முன்னால் ஒரு சிறு வாய். உள்ளே விறகை எரித்து, தணலை ஒதுக்கி, கல்லில் ஏறி நிற்கும் சூட்டிலேயே மாவை வேகவைப்பார்கள். மின்சாரத்தில் சுடும் பேக்கரிகள் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் 'போறணைப் பாண்' என்று கேட்டு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சின்ன வயதில் இந்தச் சொல்லைத் தமிழ் என்றே நம்பியிருந்தேன். றகரமும் ணகரமும் அடுத்தடுத்து வருகிற ஒரு சொல் வேறெங்கிருந்து வந்திருக்க முடியும்?

போர்த்துக்கலிலிருந்து வந்தது அது. போர்த்துக்கீசர் 1505இல் இலங்கைக் கரையில் இறங்கினார்கள், 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள், 1658இல் கோட்டையை ஒல்லாந்தரிடம் விட்டுப் போனார்கள். அவர்கள் போனபின்னும் கதிரை, யன்னல், அலுமாரி, சப்பாத்து எல்லாம் நம் வீடுகளில் தங்கிவிட்டன. பாணும் தங்கியது. பாண் தங்கினால் அதைச் சுடுகிற அடுப்பும் கூடவே தங்கத்தானே வேண்டும். அவர்கள் அதை 'ஃபோர்னு' என்றார்கள். நம் வாயில் ஃபகரம் பகரமாயிற்று. அடுத்தடுத்து நின்ற இரண்டு மெய்களுக்கு நடுவில் ஓர் உயிர் நுழைந்தது. கடைசியில் ஐகாரம் ஏறியது. போறணை பிறந்தது. சிங்களவர் வாயில் அதுவே போரணுவ.

போர்த்துக்கீசச் சொல்லின் தாய் லத்தீன் 'ஃபுர்னுஸ்'. ரோமர்கள் போன இடமெல்லாம் இந்த அடுப்பையும் கொண்டுபோனார்கள் போலிருக்கிறது. இத்தாலியில் அது ஃபோர்னோ, ஸ்பெயினில் ஓர்னோ, பிரான்சில் ஃபூர். அரபு மொழி அதை ஃபுர்ன் என்று எடுத்துக்கொண்டது. துருக்கி மொழி ஃபிரின் என்றது. இன்னும் அடியில் தோண்டினால் 'வெதுவெதுப்பு' என்ற பொருள் கிடைக்கிறது. லத்தீனில் ஃபோர்முஸ் என்றால் சூடானது. கிரேக்கத்தில் தெர்மோஸ், சமஸ்கிருதத்தில் 'கர்ம', பாரசீகத்தில் 'கர்ம்' எல்லாம் அந்த ஒரே வேரில் முளைத்தவை. அப்படிப் பார்த்தால், மளிகைக்கடைக் கரம் மசாலாவும், ஆஸ்பத்திரிக்குக் காப்பி கொண்டுபோகிற தெர்மாஸ் பிளாஸ்க்கும், யாழ்ப்பாணத்துப் போறணையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இலங்கையில் பேக்கரிக்கு வெதுப்பகம் என்று தமிழில் பெயர் வைத்தவர் லத்தீன் வேரை நினைத்து வைத்தாரோ இல்லையோ, பொருள் அதே இடத்தில் போய் நிற்கிறது.

கிரேக்கர்களும் ரோமரிடமிருந்து இந்தச் சொல்லைக் கடன் வாங்கினார்கள். இன்றும் கிரேக்க ஊர்களில் ரொட்டி வாங்கப் போகிறவர் 'ஃபூர்னோஸுக்குப் போகிறேன்' என்றுதான் சொல்கிறார். அந்த ஃபூர்னோஸ் கிரீட் தீவின் தென்கரையில் ஒரு குன்றின் பெயரில் உட்கார்ந்திருக்கிறது. ஃபூர்னு கொரிஃபி. எனக்கு இந்தக் கட்டுரையை எழுதவேண்டும் என்று தோன்றியது அந்தப் பெயரைப் பார்த்த அன்றுதான்.

ஃபூர்னு என்பது ஆறாம் வேற்றுமை: அடுப்பினுடைய, சூளையினுடைய. கொரிஃபி என்றால் உச்சி. இந்த இரண்டாவது சொல் பழைய, தூய கிரேக்கம். தலைக்கவசத்தைக் குறிக்கும் 'கொரிஸ்' அதன் உறவு. தலையின் உச்சியையும் அது குறிக்கும், மலையின் உச்சியையும் குறிக்கும். தமிழில் குடுமி என்ற சொல் தலையிலும் மலையிலும் இருப்பதைப்போல, உச்சி என்பது வகிட்டுக்கும் பிள்ளையார் கோவிலுக்கும் பொதுவாக இருப்பதைப்போல. ஆகவே ஃபூர்னு கொரிஃபியைப் போறணை உச்சி என்று சொல்லலாம். சென்னைக்காரர்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம்: சூளைமேடு. அந்தப் பெயரைச் சூளை என்றும் மேடு என்றும் பிரித்தால் கிரேக்கப் பெயரின் மொழிபெயர்ப்பு போலவே நிற்கிறது.

இந்தக் குன்று, தீவின் தென்கரையில் ஈராபெத்ராவுக்கு மேற்கே, மிர்தோஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. பெரிய மலை அல்ல. கீழே கரையோரம், எதிரே லிபியக் கடல். 1967லும் 1968லும் பீட்டர் வாரன் என்ற பிரிட்டிஷ் தொல்லியலாளர் இதன் உச்சியை அகழ்ந்தார். 1972இல் அவருடைய நூல் வந்தது. கிரீட் தீவில் அரண்மனைகள் எழுவதற்கு முந்தைய காலத்து ஊர் ஒன்று கிட்டத்தட்ட முழுதாக வெளிப்பட்டது அங்கேதான். அதுவரை அந்தக் காலத்து மனிதர்களை அவர்களுடைய கல்லறைகள் வழியாகவே அதிகம் அறிந்திருந்தோம். இங்கே அவர்களுடைய சமையலறைகள் கிடைத்தன.

ஒன்றோடொன்று ஒட்டிய சுமார் 90 அறைகள். ஒரு அறையின் சுவரே அடுத்த அறைக்கும் சுவர். நடுநடுவே ஒடுங்கிய நடைபாதைகள். தானியம் வைத்த தாழிகள், அரைக்கும் கற்கள், நூற்புக் கதிரின் வட்டுகள், தறியில் பாவை இழுத்துப் பிடிக்கும் மண்குண்டுகள். ஒலிவக் கொட்டைகள், திராட்சையின் மிச்சங்கள், பார்லி. ஒரு அறையில் குயவர் வேலை நடந்திருக்கிறது. கையால் திருப்பிப் பானை வனையும் மண்தட்டுகள் அங்கே கிடைத்தன. வேகமாகச் சுழலும் சக்கரம் கிரீட் தீவுக்கு வருவதற்கு முந்தைய தட்டுகள் அவை. கூர்மையான கத்திகளாக உடைக்கப்பட்ட கருங்கண்ணாடிக் கல்லும் கிடைத்தது. அந்தக் கல் கிரீட்டில் கிடையாது, வடக்கே மீலோஸ் தீவிலிருந்து வரவேண்டும். ஆகையால் இந்தக் குன்றுக்காரர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை என்று தெரிகிறது.

இந்த 90 அறைகளை என்ன சொல்லி அழைப்பது என்பதிலேயே ஒரு வழக்கு எழுந்தது. வாரன் இதை ஒரே கூட்டுக் குடியிருப்பு என்று கண்டார். நூறு, நூற்றிருபது பேர் ஒரு குலமாகச் சேர்ந்து உழைத்து, சேர்ந்து சேமித்த இடம். 1983இல் டாட் ஒயிட்லா என்ற இன்னொரு தொல்லியலாளர் அதே வரைபடத்தை எடுத்து, எந்த அறையில் என்ன பாண்டம் கிடந்தது, எந்தக் கதவு எங்கே திறந்தது என்று மறுபடி பார்த்தார். சமைக்க ஓர் இடம், சேமிக்க ஓர் இடம், வேலை செய்ய ஓர் இடம் என்ற தொகுதி ஐந்தாறு முறை திரும்பத்திரும்ப வந்தது. ஐந்தாறு குடும்பங்கள், எல்லாம் சேர்த்து இருபத்தைந்து முப்பது பேர், ஒரு தலைமுறைக்குப் பின் ஒரு தலைமுறையாக அறை சேர்த்துச் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள் என்றார். எனக்கு ஒயிட்லாவின் வாசிப்பே சரியாகப் படுகிறது. சுவர்கள் ஒட்டியிருந்தாலும் அடுப்புகள் தனித்தனி என்றால் அது பல வீடு. நம் ஊர்களிலும் ஒரே கூரையின் கீழ் அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் முதலில் பிரிவது உலைதான். குடும்பத்தைத் 'தனிச் சமையல்' என்ற சொல்லால் அளக்கிற நமக்கு இந்த வாதம் புதிதல்ல.

குடியிருப்பின் ஒரு ஓரத்து அறையில், தாழ்வான திண்டு ஒன்றின் அருகே விழுந்த நிலையில், ஒரு மண்பாவை கிடைத்தது. மணியைக் கவிழ்த்தது போன்ற உடல், மெல்லிய நீண்ட கழுத்து, மிகச் சிறிய தலை. உடலில் கட்டம் கட்டமாகச் சிவப்புக் கோலம். கம்பிபோல மெலிந்த கைகளால் ஒரு குடத்தை இடுப்போடு அணைத்திருக்கிறாள். உயரம் ஒரு சாண் அளவு. உள்ளே வெற்றிடம், வெளியே ஒரே ஒரு திறப்பு, அது அந்தக் குடத்தின் வாய். அவளுக்குள் ஊற்றுகிற நீரும் அவளிடமிருந்து வருகிற நீரும் அந்தக் குடத்தின் வழியாகத்தான். இந்தப் பாவையைச் செய்தவரின் எண்ணம் இவ்வளவு தெளிவாக நம்மிடம் வந்து சேர்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது. தொல்லியலாளர்கள் அவளுக்கு வைத்த பெயர் மிர்தோஸ் தேவி.

கி.மு. 2200 வாக்கில் இந்த ஊர் தீப்பற்றி எரிந்தது. கூரை இடிந்து விழுந்தது. வைத்தவை வைத்த இடத்தில் கிடக்க, மக்கள் போய்விட்டார்கள். அது மறுபடி ஊராகவில்லை.

எரிந்த குன்று. அதன் பெயர் சூளை உச்சி. இந்த இரண்டையும் அருகருகே வைத்தவுடன் மனம் ஒரு கதை கட்டத் தொடங்குகிறது. செந்நிறமாக வெந்த மண்ணைப் பார்த்த ஆட்டிடையர்கள், இங்கே ஏதோ சூளை இருந்திருக்கிறது என்று பெயர் வைத்திருப்பார்களோ? அல்லது அந்த நெருப்பின் நினைவே நாலாயிரம் ஆண்டு வாய்வழியாக வந்து பெயராக நின்றுவிட்டதோ? இரண்டாவது கதை மிகவும் அழகானது. நானும் ஒரு நாள் முழுக்க அதை நம்பியிருந்தேன். சொல்லின் வயது அதை முறித்துப் போட்டது.

பழைய கிரேக்கத்தில் அடுப்புக்குப் பஞ்சமில்லை. இப்னோஸ் என்பது வீட்டு அடுப்பு. கிளிபானோஸ் என்பது மூடிச் சுடும் பாண்டம். கமினோஸ் என்பது சூளை, உலை. இவற்றில் இப்னோஸ் மிகப் பழையது. கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியில் கிரேக்கத்தைக் களிமண் பலகைகளில் எழுதிய லீனியர் பி எழுத்திலேயே 'இ-போ-னோ' என்று ஒரு சமையல் பாண்டத்தின் பெயராக வருகிறது. ஃபூர்னோஸ் அப்படியல்ல. அது லத்தீன். கிரீட் தீவை ரோமர்கள் கைப்பற்றியது கி.மு. 67இல். அதற்கு முன் அந்தத் தீவில் ஓர் ஆட்டிடையன் ஃபூர்னோஸ் என்று சொல்லியிருக்க வழியில்லை. ஊர் எரிந்ததற்கும் அந்தச் சொல் கரையேறியதற்கும் நடுவே இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. அதற்குள் தீவில் அரண்மனைகள் எழுந்து, விழுந்து, மொழியே மாறிவிட்டது. வெந்த மண்ணைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள் என்ற முதல் கதைக்கும் தேவையில்லை. கிரேக்க நாட்டுக் குன்றுகளில் சுண்ணாம்புச் சூளைகள் நிறைய இருந்தன, ஃபூர்னோஸ் ஒட்டிய இடப்பெயர்களும் நிறைய உண்டு. ஃபூர்னி என்று தீவுக்கூட்டமே இருக்கிறது. கிரீட்டிலேயே அர்க்கானெஸ் ஊருக்குப் பக்கத்தில் ஃபூர்னி என்றொரு குன்று உண்டு. அங்கே வெளிப்பட்டவை கல்லால் வளைத்துக் கட்டிய வட்டக் கல்லறைகள். போறணையைப் பார்த்த கண்ணுக்கு அவற்றின் வடிவம் பழகியதாகவே தெரியும்.

ஆனால் ஒரு இடத்தில் பெயர் உண்மையைச் சொல்லியது. கிரீட்டின் வடகரையில், மிராபெல்லோ வளைகுடாவைப் பார்க்கும் பாறை முனையில், கிரிசோகமினோ என்று ஓர் இடம். கிரிசோஸ் பொன், கமினோஸ் உலை: பொன்னுலை. அங்கே தரையில் கரிய உலோகக் கசடு குவிந்து கிடந்தது. 1990களில் பிலிப் பெட்டன்கோர்ட் தலைமையில் அகழ்ந்தபோது அது செம்பு உருக்கிய இடம் என்று உறுதியானது. ஃபூர்னு கொரிஃபி மக்கள் வாழ்ந்த அதே யுகத்திலும் அதற்கு முன்பும் அங்கே உலை எரிந்திருக்கிறது. சுற்றிலும் துளையிட்ட மண்குழாய்களை உலைமேல் நிறுத்தி, கடற்காற்றையும் துருத்தியையும் கொண்டு வெப்பமேற்றினார்கள். தாது தீவுக்கு வெளியிலிருந்து வந்தது. காற்றுக்காகவே அந்த முனையைத் தேர்ந்திருக்கிறார்கள். பொன் அங்கே இல்லை, உலை இருந்தது. கசடைப் பார்த்த பிற்கால மக்கள் அது உருக்கிய மிச்சம் என்று சரியாகப் படித்துப் பெயர் வைத்தார்கள். அதுவும் நினைவு அல்ல, வாசிப்பு.

கமினோஸ் சும்மா இருக்கவில்லை. லத்தீனுக்குப் போய் கமினுஸ் ஆகி, பிரெஞ்சில் புகைபோக்கியாகி, ஆங்கிலத்தில் சிம்னி ஆகி, கடைசியில் நம் வீட்டுச் சுவரில் கண்ணாடிக் கூண்டோடு தொங்கியது. சிம்னி விளக்கில் படித்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. கிரீட்டின் இரண்டு குன்றுகள், இரண்டு பெயர்கள். ஒன்றின் உறவு யாழ்ப்பாணத்துப் போறணையில், இன்னொன்றின் உறவு சிம்னி விளக்கில். தேடிப் போனால் இப்படித்தான், தூரத்து ஊரில் சொந்தக்காரர் வீடு வந்துவிடுகிறது.

கரையோரக் குன்றுகளின் மற்றப் பெயர்களையும் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. மிர்தோசிலேயே இன்னொரு மேட்டில் பீர்கோஸ் என்ற குடியிருப்பு, ஜெரால்ட் கடோகன் 1970 முதல் அகழ்ந்தது. பீர்கோஸ் என்றால் கோபுரம். பீர்கோஸும் ஏறக்குறைய ஃபூர்னு கொரிஃபியின் காலத்திலேயே எரிந்தது. ஆனால் அங்கே மக்கள் திரும்பினார்கள். பின்னொரு காலத்தில் பெரிய மாளிகையே கட்டினார்கள். தென்கரையில் லெண்டாஸ் அருகே திரிபிதி: துளையுடையது. சிதியாவுக்குப் பக்கத்தில் பெத்ராஸ் கெஃபாலா: கெஃபாலா என்றால் தலை. க்னோசோஸ் அரண்மனை புதைந்திருந்த மேட்டையும் ஊரார் கெஃபாலா என்றே அழைத்தார்கள். கோபுரம், துளை, தலை, அடுப்பு. இவையெல்லாம் வெளியே நின்று பார்த்தவன் வைத்த பெயர்கள். ஆடு மேய்ப்பவன், மீன்பிடிப்பவன், கடலிலிருந்து கரையை அடையாளம் பிடிப்பவன் வைத்தவை. குன்றின் மேல் அறைகளில் இருந்தவர்கள் தங்கள் ஊரைத் துளை என்று அழைத்திருக்க மாட்டார்கள்.

ஈராபெத்ரா இதில் தனிக்கதை. இன்றைய கிரேக்கனுக்கு அது புனிதக் கல். பழைய பெயர் அதுவல்ல, ஈராபித்னா. பித்னா என்பது ஈடா மலையின் ஒரு குன்று, அந்தக் குன்றின் பெயரால்தான் ஊருக்குப் பெயர் என்று பழைய புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். பித்னாவுக்குக் கிரேக்கத்தில் பொருள் கிடையாது. பொருளில்லாத சொல்லை நாக்கு நெடுநாள் தாங்காது. தனக்குத் தெரிந்த 'பெத்ரா'வை, கல்லை, அங்கே எடுத்து வைத்துக்கொண்டது. ஒரு பழைய குன்றின் பெயர் அப்படிக் கல்லுக்கடியில் மறைந்துபோனது.

இந்த மக்களை மொத்தமாக அழைக்கிற பெயருக்கும் இதே கதிதான். மினோவர் என்கிறோம். 1820களில் கார்ல் ஹோக் என்ற ஜெர்மானிய அறிஞர் கிரீட்டைப் பற்றி எழுதிய நூலின் ஒரு பாகத்துக்கு 'மினோவக் கிரீட்' என்று தலைப்பிட்டார். 1878இல் க்னோசோஸ் மேட்டில் முதலில் மண்வெட்டி போட்டவர் ஈராக்லியோ வணிகர் ஒருவர். அவருடைய பெயரே மினோஸ், மினோஸ் கலோகெரினோஸ். 1900இல் அங்கே பெரிய அகழாய்வைத் தொடங்கிய ஆர்தர் எவன்ஸ், மினோவன் என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பினார். முந்தைய, இடைக்கால, பிற்கால மினோவம் என்று மூன்றாக வகுத்து, ஒவ்வொன்றையும் மறுபடி மூன்றாக்கினார். ஆக, ஃபூர்னு கொரிஃபியின் மக்கள் முந்தைய மினோவர், இரண்டாம் கட்டம். கிரேக்கர்களின் கதையில் வரும் மினோஸ், அரண்மனையும் கப்பற்படையும் உடைய அரசன். இவர்களிடம் அரண்மனை இல்லை, எழுத்து இல்லை, அரசன் இருந்ததற்குத் தடமும் இல்லை. ஐந்தாறு அடுப்புகளின் ஊர். அவர்கள் ஊர் எரிந்துபோய்ப் பல நூற்றாண்டு கழித்து வேறொரு மொழிக்காரர் சொன்ன கதையின் நாயகன் பெயரை நாம் அவர்கள் நெற்றியில் ஒட்டியிருக்கிறோம். எவன்ஸ்மேல் எனக்குக் கோபமில்லை. ஏதாவது ஒரு பெயர் வேண்டும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அது இரவல் என்பது நினைவில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அவர்களுக்குப் பின் வந்தவர்களைப் பற்றி அயலார் சொன்ன பெயர்கள் உண்டு. எகிப்தியர் கெஃப்தியு என்றார்கள். யூப்ரடீஸ் கரையின் மாரி நகரத்துப் பலகைகளில் கப்தாரா. எபிரேய வேதத்தில் கஃப்தோர். தீபை நகரில் மூன்றாம் அமென்ஹோதெப்பின் கோவிலில் ஒரு சிலையின் பீடத்தில் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஊர்ப்பட்டியல் ஒன்று பொறித்தார்கள். அம்னிசோஸ், ஃபைஸ்தோஸ், க்னோசோஸ் எல்லாம் அதில் இருக்கின்றன. லீனியர் பி எழுத்தை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் வாசித்தபோது அவருக்குப் பிடி கொடுத்தவையும் இந்த ஊர்ப்பெயர்களே: கோ-நோ-சோ, அ-மி-நி-சோ. இன்னும் வாசிக்கப்படாத லீனியர் ஏ பலகைகளில்கூட ப-இ-தோ என்று ஃபைஸ்தோஸ் தலைகாட்டுகிறது. மொழி மாறியும் இந்தப் பெயர்கள் மாறவில்லை. காரணம் எளிது. அங்கே எப்போதும் யாராவது இருந்தார்கள். புதிதாக வந்தவன் பழையவனிடம் 'இது எந்த ஊர்?' என்று கேட்க முடிந்தது. ஃபூர்னு கொரிஃபியில் கேட்பதற்கு ஆள் இல்லை.

அவர்கள் பேசிய மொழியில் ஒரு சொல்லாவது எங்கேனும் தப்பியிருக்குமா? கிரேக்கத்தில் கிரேக்க வேரில்லாத சொற்கள் ஏராளம். லாபிரிந்தோஸ், தொட்டியைக் குறிக்கும் அசாமிந்தோஸ், புதினா இனத்தைக் குறிக்கும் மிந்தே. கிரேக்கர் வருமுன் அந்தக் கடலோரம் பேசப்பட்ட மொழிகளின் எச்சம் அவை. நாம் பெப்பர்மின்ட் என்கிறபோது அந்தப் பின்பாதி அங்கிருந்து வருகிறது. எனக்குப் பிடித்தது ஒலிவம். லீனியர் பி பலகைகளில் ஒலிவ மரம் 'எ-ர-வ', எண்ணெய் 'எ-ர-வோ'. இந்தச் சொல்லுக்கும் கிரேக்கத்தில் வேர் இல்லை, அங்கே முன்பே இருந்தவர்களிடம் கற்றது. அது எலையா ஆகி, லத்தீனில் ஒலிவா ஆகி, எண்ணெய் ஓலெயும் ஆகி, ஆங்கிலத்தில் ஆயில் ஆனது. வண்டிக்கு ஆயில் மாற்றுகிற மெக்கானிக் தன்னை அறியாமல் ஏஜியன் கடலின் பெயரறியா மொழி ஒன்றின் சொல்லைச் சொல்கிறார். ஃபூர்னு கொரிஃபியின் அறைகளில் ஒலிவக் கொட்டைகள் கிடந்தன. அங்கே ஒரு தாய் பிள்ளையிடம் எண்ணெய் எடுத்துவா என்று சொல்லியிருந்தால், அந்தச் சொல் நம் ஆயிலுக்கு முப்பாட்டனாக இருந்திருக்கலாம் என்று எண்ண எனக்கு ஆசை. ஆசைதான். சான்று என்று சொல்ல மாட்டேன்.

மிர்தோஸ் என்ற ஊர்ப்பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மிர்தோஸ் என்பது ஒரு செடி. எப்போதும் பச்சையாக, வெள்ளைப் பூவும் கருநீலக் காயுமாக, மத்தியதரைக் கடலோரம் முழுக்க வளர்வது. தாவரவியலார் அந்தச் செடியின் பெயரால் ஒரு குடும்பத்தையே வகுத்தார்கள். நம் நாவல், கொய்யா, கிராம்பு மூன்றும் அந்த மிர்தோஸ் குடும்பம். அதன் காயைப் படத்தில் பார்த்தபோது, சின்ன நாவற்பழம் என்றே முதலில் நினைத்தேன். நினைத்தது வெகுதூரம் தப்பவில்லை.

அந்த ஊரும் எரிந்தது. 1943 செப்டம்பரில் ஜெர்மன் படை வியன்னோஸ் வட்டாரத்திலும் ஈராபெத்ரா வட்டாரத்திலும் ஊர் ஊராகப் புகுந்து ஐந்நூறுக்கும் அதிகமானவர்களைக் கொன்றது. மிர்தோஸைக் கொளுத்தித் தரைமட்டமாக்கியது. பிழைத்தவர்கள் திரும்பி வந்தார்கள், அதே இடத்தில் கட்டினார்கள். புதுப்பெயர் தேடவில்லை. இருபத்தைந்து ஆண்டுக்குள், எரிந்த இன்னொரு ஊரைக் கிழக்கே குன்றின்மேல் வாரன் தோண்டியெடுத்தார்.

அந்தக் குடமேந்திய பாவை இப்போது அயியோஸ் நிகோலாவோஸ் அருங்காட்சியகத்துக்கு உரியவள். ஊர்ப்பெயரைச் சொல்லித் தெய்வத்தை அழைப்பது நமக்குப் பழக்கம். இன்ன ஊர் அம்மன் என்றால் போதும், வேறு பெயர் வேண்டாம். அவளையும் அப்படியே அழைக்கிறார்கள். மிர்தோஸ் அவளுடைய ஊர் அல்ல, பக்கத்து ஊர். தன் ஊரின் பெயர் இல்லாதவளுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்.